குரோட்டன்ஸுக்கு வெயில் வேண்டும்

தாலுகா அலுவலக வாசலிலும் ரயில் நிலைய நடைமேடை ஓரத்திலும் காவி பூசிய சிமெண்டுத் தொட்டிகளில் நிற்கும் குரோட்டன்ஸ் செடிகளைப் பார்த்தே வளர்ந்ததால், அதையும் ஆசைப்பட்டு வளர்க்கும் ஒரு தோட்டச் செடியாக எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. அந்தச் செடிகளுக்கு யாரும் உரம் வைத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்கூட விடுமுறை நாட்களில் கிடைப்பதில்லை. ஆனாலும் அவை சிவப்பும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. அதே வகையை நர்சரியில் விலைகொடுத்து வாங்கி, வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, இலையைத் துணியால் துடைத்து வளர்ப்பவர்களின் செடியோ சில மாதங்களில் அடியிலிருந்து உதிரத் தொடங்கி, உச்சியில் நாலு பச்சை இலைகளோடு குச்சியாகிவிடுகிறது. இந்த இரண்டு செடிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் புரிந்துகொண்டால், வண்ண இலைச் செடிகளை வளர்ப்பதில் பாதிக்கு மேல் தெரிந்துகொண்டார் என்றுதான் சொல்வேன். தாம்பரம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக இச்செடிகளை வளர்த்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனவே இதில் வருவதெல்லாம் கடலோரத் தமிழ்நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்துபவை.

மாமரம் தளிர்விடுவதைப் பார்த்திருப்போம். மாந்தளிர் செம்பழுப்பாக வந்து, முற்ற முற்றப் பச்சையாகிறது. அரச மரத்திலும் அப்படியே. குரோட்டன்ஸில் பெரும்பாலான வகைகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. துளிர் பச்சையாகவோ வெளிர்மஞ்சளாகவோ வருகிறது. இலைக்கு வயதாக ஆக, மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, சில வகைகளில் கடைசியில் கறுப்பென்று சொல்லத்தக்க அளவுக்குக் கருஞ்சிவப்பாகிறது. மாந்தளிரிலும் முதிர்ந்த குரோட்டன்ஸ் இலையிலும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே வகை நிறமிதான். மாவில் அது இளமையில் வந்து போகிறது, குரோட்டன்ஸில் வயதோடு சேர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சேர்மானத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஒரே செடியில் சுவரைப் பார்த்த பக்கம் பச்சை கூடியும் வெயிலைப் பார்த்த பக்கம் சிவந்தும் இருப்பதை மொட்டை மாடியில் எப்போது வேண்டுமானாலும் காணலாம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வெயில் இல்லாமல் நிறம் இல்லை என்பது முதலாவது. இதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. குரோட்டன்ஸின் அழகு அதன் பழைய இலைகளில் இருக்கிறது. ஆகவே துளிர் வரவழைப்பதைவிட, வந்த இலையை உதிராமல் வைத்துக்கொள்வதே இச்செடியின் பராமரிப்பு. கீரைக்கும் ரோஜாவுக்கும் செய்வதுபோலத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால், செடி மளமளவென்று பச்சைத் துளிராக விட்டுக்கொண்டு போகும். பார்ப்பதற்கு வளர்ச்சிபோலத் தெரிந்தாலும் நாம் கேட்ட பொருள் அதுவல்ல. மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் எந்தச் செடியும் கேட்டதில்லை.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஆந்தோசயனின் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பூங்காக்களில் கம்பளம்போல வெட்டி வளர்க்கும் ஆல்டர்நாந்தெரா நம் பொன்னாங்கண்ணியின் பேரினத்தைச் சேர்ந்தது. அதிலும் சிவப்புத் தண்டுக்கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நிறமி பீட்டாலைன் என்ற வேறொரு வகை. தண்டுக்கீரையை வேகவைத்த தண்ணீர் சிவந்துபோவது அதனால்தான். மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டினாய்டுகளோ பச்சை இலைகளிலும் எப்போதும் இருப்பவை. பச்சையம் குறைந்த இடத்தில் அவை கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவே. வெள்ளைப் பகுதியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திட்டு அதிகமுள்ள செடிகள் மெதுவாக வளர்வதற்கும், சித்திரை வெயிலில் அந்த இடம் மட்டும் தீய்ந்துபோவதற்கும் இதுவே காரணம். அந்த இலைப்பரப்பு செடிக்குச் சாப்பாடு போடுவதில்லை, சாப்பிட மட்டுமே செய்கிறது. வெள்ளையும் இளஞ்சிவப்புமான செடிகளை ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் மோகம் சில ஆண்டுகளாக இருக்கிறது. பிங்க் காங்கோ என்ற பெயரில் விற்கப்பட்ட செடி சில மாதங்களில் முழுப்பச்சையாகிவிட, வாங்கியவர்கள் ஏமாந்த கதை பல நாடுகளில் நடந்தது. எனக்கு அந்த மோகத்தில் ஈடுபாடு இல்லை. ஒரு கிளை ஒடித்து வைத்தால் வேர்விடும் செடிக்குத் தங்கத்தின் விலை சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

குரோட்டன்ஸ் நம் ஊர்ச் செடி அல்ல. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து நியூ கினி, வடக்கு ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள் வரை அதன் தாயகம். அதைப் பற்றி விரிவாக எழுதிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவரான ரம்ஃபியஸ், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் உள்ள ஆம்போனில் வாழ்ந்தவர். 1670-இல் அவருக்குப் பார்வை போனது. 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் ஒரு மகளையும் இழந்தார். 1687-இல் தீவிபத்தில், அவர் எழுதிவந்த செடிகளைப் பற்றிய நூலின் படங்கள் எரிந்தன. மறுபடி ஆயத்தம்செய்து அனுப்பிய பிரதியை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1692-இல் மூழ்கடித்தார்கள். நல்லவேளையாக இன்னொரு நகல் இருந்தது. அவர் 1702-இல் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1741 முதல் அந்த நூல் அச்சில் வந்தது. 1753-இல், செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இச்செடியைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்தார். அது தவறான இடம் என்று கண்டு, 1824-இல் கோடியேயம் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். உண்மையான குரோட்டன் பேரினத்தைச் சேர்ந்தது சித்த மருத்துவத்தில் கடும்பேதி மருந்தாக அறியப்பட்ட நேர்வாளம். இரண்டும் ஆமணக்குக் குடும்பம் என்பதால் உறவு உண்டு, ஆனால் நெருங்கிய உறவு அல்ல.

1860-களில் ஜான் கூல்ட் வீச் என்பவர் பசிபிக் தீவுகளிலிருந்து இச்செடியின் பல வகைகளைக் கொண்டுபோய் லண்டன் செல்சியில் இருந்த தம் குடும்ப நர்சரியில் சேர்த்ததும், அவற்றைச் சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் வைத்து வளர்ப்பது இங்கிலாந்துச் செல்வந்தர்களின் பெருமையானது. அங்கே நிலக்கரி எரித்து உண்டாக்க வேண்டியிருந்த வெப்பமும் ஈரக்காற்றும் நமக்குச் சும்மா கிடைக்கின்றன. நாமோ செடியைக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். உலர்ந்த குளிர்காற்று, சன்னல் திரை வழியே வரும் அரை வெளிச்சம், மணிக்கொருமுறை மாறும் வெப்பநிலை ஆகிய மூன்றுமே இச்செடிக்கு ஆகாதவை. 10 டிகிரியை ஒட்டிய குளிர் வந்தாலே அது இலையுதிர்க்கத் தொடங்கிவிடும் என்பதால், ஊட்டி கொடைக்கானல் வீடுகளின் வாசலில் அதைத் திறந்தவெளியில் செழிப்பாகப் பார்க்க முடிவதில்லை. எங்கள் பக்கத்து நர்சரிக்காரரிடம் ஒரு பெண்மணி, பெட்ரா என்ற குரோட்டன்ஸ் வகையைக் காட்டி, “இந்தப் பெட்ரா செடியை ஹாலில் வைக்கலாமாண்ணே?” என்று கேட்டபோது அவர், “தாராளமா வைக்கலாம்மா, பத்து நாள் அழகா இருக்கும்” என்றார். வியாபாரத்தில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே நின்ற செடியை வாங்கி வந்த அன்றே மாடியின் நடுவில் நிறுத்தினால், இலையின் நடுவே வெளிறிய தீய்ச்சல் விழும். அது திரும்ப ஆறாது. முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், பிறகு பகல் பதினொன்று, பன்னிரண்டு வரை வெயில் படும் இடம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நிலத்தில் வேர்பிடித்த குரோட்டன்ஸுக்கு அக்னி நட்சத்திரமும் ஒரு பொருட்டல்ல. தொட்டியில் இருப்பதற்குத்தான் சிக்கல், ஏனென்றால் மொட்டை மாடித் தளத்தின் சூடு தொட்டியின் சுவர் வழியாக வேரைச் சுடுகிறது. தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழச் செய்வதும், அடியில் செங்கல் வைத்துத் தூக்குவதும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. மேற்கு வெயில் மட்டுமே வரும் பால்கனி உள்ளவர்கள் 50 சதவீத நிழல்வலை கட்டிக்கொள்வது நல்லது. இடம் முடிவானபின் செடியை அடிக்கடி மாற்றக் கூடாது. இடமாற்றம் பிடிக்காமல் இலையைக் கொட்டுவதில் குரோட்டன்ஸ் பேர்போனது. கொட்டிய இலை நாம் சேமித்து வைத்திருந்த நிறம்.

ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம் நர்சரிகளிலிருந்தும் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியிலிருந்தும் லாரி லாரியாகச் செடிகள் நம் ஊர்களுக்கு வருகின்றன. தொலைதூரம் பயணம் செய்ய வேண்டிய செடிகளின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் இறுகிய களிமண் இருக்கும். பயணத்துக்கு அது தேவை, தொட்டிக்கு அது எமன். அதன்மேல் தளர்வான மண்ணைப் போட்டு நட்டால், தண்ணீர் தளர்ந்த மண் வழியே ஓடிப்போகும். நடுக்கட்டி உலர்ந்தே கிடக்கும் அல்லது மழைக்காலத்தில் ஊறியே கிடக்கும். முழுக்கட்டியையும் உடைத்து வேரை அம்மணமாக்குவதையும் செடி தாங்காது. ஒரு வாளித் தண்ணீரில் கட்டியை ஊறவைத்து, வெளிவிளிம்பை மட்டும் விரலால் கரைத்துவிட்டு, செம்மண், ஆற்று மணல், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த கலவையில் நடுவதே நடுவழி. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆவணி, புரட்டாசி இதற்கு ஏற்ற காலம். மண்ணின் மேற்புறம் ஒரு விரற்கணு ஆழம் உலர்ந்ததும் தண்ணீர் என்பது எனக்கு ஒத்துவந்த கணக்கு. கோடையில் அது நாள்தோறும் என்றாகும், மழையில் வாரக்கணக்கில் வேண்டியிருக்காது.

தண்ணீரின் தரத்தைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைப் புறநகர் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படலம் படிவதைக் கண்டால், வேரிலும் அதே படிகிறது என்று கொள்ளலாம். முதலில் காட்டிக்கொடுப்பவை டிரசீனா, கார்டிலைன் என்ற நீண்ட இலை அலங்காரச் செடிகள். அவற்றின் இலைநுனி பழுப்பாகக் கருகும். குரோட்டன்ஸ் அதைவிடப் பொறுமைசாலி. உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. அப்போது துளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வரும். பச்சை இலைச் செடியில் இதை உடனே நோயென்று கண்டுபிடித்துவிடுவோம், வண்ண இலைச் செடியில் புதிய நிறமென்று மகிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. வழக்கமான மஞ்சளா, பற்றாக்குறையா என்று அறிய, அதே செடியின் பழைய துளிர்கள் எப்படி வந்தன என்பதை நினைவில் வைத்திருப்பதே வழி. கைபேசியில் எடுத்து வைத்த படங்கள் இதற்கு உதவுகின்றன. ஐப்பசியின் முதல் பெருமழையில் எல்லாத் தொட்டிகளையும் திறந்தவெளிக்குத் தள்ளி, அடித்துளைகளில் அடைப்பு இல்லாதபடி குத்திவிட்டால், ஓராண்டு உப்பை வானம் கழுவிக் கொடுத்துவிடும்.

ஆனால் அந்த மழையில் நனையவே கூடாத செடி ஒன்று உண்டு. கலேடியம் அமேசான் பக்கத்துச் செடி, சேப்பங்கிழங்கின் குடும்பம். இதய வடிவ இலையில் வெள்ளையும் சிவப்பும் தெளித்ததுபோல இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு வைத்து, வளர்ந்து, பிறகு இலையெல்லாம் மடிந்து உறங்கப்போகும். வெளிநாட்டுக் கையேடுகள், பனிக்காலத்தில் கிழங்குக்கு ஓய்வு கொடு, தண்ணீரை நிறுத்து என்கின்றன. நமக்கு அது மடங்கத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. உறங்கும் கிழங்கு ஊறினால் அழுகும். எனவே இலை தொய்யத் தொடங்கியதும் தொட்டியைப் படிக்கட்டுக்குக் கீழேயோ சன்ஷேடுக்குக் கீழேயோ ஒதுக்கி, தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். மாசி, பங்குனியில் வெப்பம் ஏறியதும் லேசாக நனைத்தால் குருத்து வரும். காலித் தொட்டியென்று நினைத்து வீட்டில் யாராவது அதில் கொத்தமல்லி விதைத்துவிடாதபடி ஒரு குச்சி நட்டு வைப்பது நல்லது. வெறும் கையால் கிழங்கை வெட்டினால் சேனைக்கிழங்கு நறுக்கியதுபோல அரிக்கும். காரணமும் அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தாம்.

கோலியஸ் எளிதான செடி. துளசியின் குடும்பம், தண்டைத் தொட்டாலே நான்கு பட்டை தெரியும். கற்பூரவல்லியும், நெல்லை, தென்காசிப் பக்கம் பொங்கலை ஒட்டிச் சந்தைக்கு வரும் சிறுகிழங்கும், சேலம் பக்கம் மருந்துக்காகப் பயிரிடும் மருந்துக்கூர்க்கனும் இதே பேரினம். நான்கு விரல் நீளத் துண்டைத் தண்ணீரில் போட்டால் வேர்விடும். கோலியஸைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். பூத்து விதைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது, இலை சிறுத்துப்போகும். நல்ல செடியென்று ஒன்றையே ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஆடியில் துண்டு போட்டுப் புதிதாக வளர்ப்பது சுலபம்.

குரோட்டன்ஸைப் பெருக்குவதற்கு நுனிக்குச்சியும் உதவும் என்றாலும், நான் விரும்புவது, கிளையைத் தாய்ச்செடியிலேயே வைத்து வேர்விடச் செய்யும் விண்பதியம். பென்சில் பருமனுள்ள கிளையில், நுனியிலிருந்து ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதலாக விட்டு, ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. இலைகள் செய்யும் உணவு பட்டை வழியே கீழிறங்க முடியாமல் வளையத்துக்கு மேலே தேங்குவதால் அங்கே வேர் கிளம்புகிறது. நனைத்துப் பிழிந்த பாசியையோ நார்க்கழிவையோ சுற்றி, பாலித்தீன் தாளால் மூடி, இரண்டு முனையிலும் இறுகக் கட்டிவிட்டால், மழை மாதங்களில் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் தாள் வழியாக வெள்ளை வேர் தெரியும். உரிக்கும்போது கசியும் சாறு துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வரும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இலையைக் கடித்துப் பார்க்கும் வயதில் குழந்தைகளோ நாய்க்குட்டிகளோ உள்ள வீட்டில் இச்செடியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

விண்பதியத்தை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரோட்டன்ஸில் சில நேரம் ஒரு கிளை மட்டும் மற்றவற்றிலிருந்து மாறி, வேறு நிறத்திலோ வேறு வடிவத்திலோ இலை விடும். மொட்டின் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்ந்த மாற்றம் அது. அந்தக் கிளையைப் பதியம்போட்டு எடுத்தால் தனிச்செடி கிடைக்கும். பெயருள்ள வகைகள் பல இப்படிக் கிடைத்தவையே. விதை போட்டாலோ தாயைப்போலப் பிள்ளை வராது. மஞ்சள் ஓரம் கொண்ட ஸ்னேக் பிளாண்டில் இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. அதன் இலையைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் செருகினால் வேர்விடும், குட்டியும் வரும், ஆனால் வருகிற குட்டியில் மஞ்சள் ஓரம் இருக்காது. மஞ்சள் திசுவும் பச்சைத் திசுவும் அடுக்கடுக்காக அமைந்த கலப்பு அது. இலைத்துண்டிலிருந்து குட்டி முளைக்கும்போது அந்த அடுக்கு குலைந்துவிடுகிறது. ஓரம் வேண்டுமானால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

பூச்சிகளில் பெரிய தொல்லை மாவுப்பூச்சி. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். ஆகையால் செடியில் எறும்பு வரிசையைக் கண்டால் மாவுப்பூச்சியைத் தேடுவது என் வழக்கம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது வீட்டு வாசல் செம்பருத்திகளும் வெளுத்துப்போயின. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவியை வயல்களில் விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. கடுமையான பூச்சிமருந்து தெளித்தால் இத்தகைய குளவிகளும் பொறிவண்டுகளும் சேர்ந்து சாகும் என்பதால், மாடித் தோட்டத்தில் நான் வேகமான நீர்ப்பீச்சல், பழைய பல்துலக்கி, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெய் இவற்றோடு நின்றுகொள்கிறேன். வேப்பெண்ணெயை மாலையில்தான் தெளிக்க வேண்டும், வெயிலில் தெளித்தால் இலை கருகும். சித்திரை, வைகாசியில் இலை மங்கி, அடிப்பக்கம் தூசு படிந்ததுபோல நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். வறட்சியும் சூடும் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தை நாள்விட்டு நாள் தண்ணீரால் அடித்துக் கழுவினால் போதும். கவனிக்காமல் விட்டால் கீழ் இலைகள்தான் முதலில் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொட்டிச் செடி நாலைந்து ஆண்டுகளில் அடி மொட்டையாகி, உச்சியில் கொண்டைபோல இலையோடு நிற்கும். அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆவணியில் உச்சியைப் பதியம்போட்டு, வேர் வந்ததும் வெட்டி வேறு தொட்டியில் வைத்துவிட்டு, தாய்க் கிளைகளை ஒரு முழ உயரத்தில் கணுவுக்குச் சற்று மேலே கவாத்து செய்தால், மழை முடிவதற்குள் வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று முளைகள் கிளம்பும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றிரண்டை இலையோடு விட்டுவைத்து அடுத்த ஆண்டு வெட்டுவது பாதுகாப்பு. புது முளைகளில் ஏதேனும் ஒன்று முழுப்பச்சையாக வந்தால் அதை மட்டும் அடியோடு கிள்ளிவிட வேண்டும். பச்சையம் நிறைந்த கிளை மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் செடி முழுவதையும் தன்வசமாக்கிக்கொள்ளும். மற்ற முளைகள் முதல் சில மாதங்கள் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத்தான் இருக்கும். அவை சிவப்பதற்கு அடுத்த கோடை வரை ஆகும்.